அரைப்புள்ளிக்கு அரை ஓட்டு

ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சோம்பல்பட்டு, ஒரு தெருவின் தேர்தல் விதியையே திருத்தக் கிளம்பியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியில் யாராவது கேட்டால் பெண்ணுரிமை என்பேன், ஜனநாயகம் என்பேன். கல்லூரியில் பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தவும் செய்வேன். ஆனால் உள்ளது இதுதான்: விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்க எனக்கு உடம்பு வணங்கவில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு நெசவுத் தெரு. வீட்டுக்குள் கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். சண்டை வீட்டோடு போகவேண்டியதாக இருந்தால் கன்னடத்தில் போடுவோம், ஊருக்குத் தெரியவேண்டியதாக இருந்தால் தமிழில் போடுவோம். தெருக்கோடியில் எங்கள் சமூகச் சங்கத்து மண்டபம், அதை ஒட்டிச் சங்கத்து போர்வெல், அதற்கு ஒரு தொட்டி. நகராட்சித் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், எல்லோரும் நம்பியிருந்தது இந்தத் தொட்டியைத்தான். அதன் சாவி சங்கத் தலைவர் நாகப்பன் சித்தப்பாவின் இடுப்பில் தொங்கியது. சித்தப்பாவுக்குச் சர்க்கரை. மூன்றரை மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். எழுந்த மனிதர் சும்மா இருக்கமாட்டாமல் நாலு மணிக்குக் குழாயைத் திறந்துவிடுவார். ஐந்து மணிக்குத் தொட்டி காலி. அவர் ஒருவருடைய சர்க்கரைக்கு நாங்கள் தெருவோடு விழித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா தவறியபின் அம்மா தனி ஆளாக இரண்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். வலது முட்டு தேய்ந்துபோய், கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருபத்தொன்பது வயதில், கல்லுக்குண்டு மாதிரி ஒரு மகள் இருந்தாள். அவள் மதுரையில் ஆராய்ச்சிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்ததால் குடம் தூக்க நேரமில்லை. (ஆராய்ச்சி பகல்லதானே, தண்ணி விடியக்காலைலதானே என்று நீங்கள் கேட்கவேண்டாம். அம்மா கேட்டு அலுத்துவிட்டாள்.) அம்மா நொண்டி நொண்டிக் குடத்தோடு வரும் சத்தம் கேட்டுத்தான் நான் மறுபக்கம் புரண்டு படுப்பேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் ஆராய்ச்சி, வெள்ளைக்காரன் காலத்து நகரசபைத் தேர்தல்களைப் பற்றியது. அன்றைக்கு ஓட்டு என்பது எல்லோருக்கும் உள்ள சமாச்சாரம் இல்லை. வரி கட்டியவனுக்குத்தான் பட்டியலில் பெயர். பட்டியலில் இருந்த கொஞ்சநஞ்சம் பேரிலும் ஓட்டுப் போட வராமல் வீட்டில் இருந்தவர்கள் ஏராளம். பிறகு வரி வரம்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். தன் பேரில் சொத்து வைத்து வரி கட்டும் பெண்களுக்கும் ஓட்டு வந்தது. பொடிப்பொடியாக உதிரும் பழைய பட்டியல்களில் ஒரு பெண் பெயர் அகப்பட்டால் எனக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், ஊர் வரும்வரை அந்தப் பெயரையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருவேன்.

அப்படி ஒருநாள் வரும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் சங்கத்திலும் அதே கதைதானே! கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. திருவிழாவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் வரி. புருஷனை இழந்தவள் அரைப்புள்ளி, அவளுக்கு அரை வரி. கல்யாணமாகாத என்னைப் போன்றவள் அந்த நோட்டிலேயே கிடையாது. மூன்று வருஷத்துக்கு ஒருதடவை நடக்கும் தலைவர் தேர்தலில் முழுப்புள்ளிகள் மட்டும் கை தூக்கலாம். மொத்தம் அறுபத்துமூன்று முழுப்புள்ளி. (நாயன்மார் கணக்குத்தான்.) அதில் கை தூக்க வருவது பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் நாகப்பன் சித்தப்பாவோடு காலையில் உட்கார்ந்து டீ குடிப்பவர்கள். மூன்று தடவையாக அவரே தலைவர், நாலு மணிக்கே தண்ணீர்.

அந்த வருஷம் நூல் கடை ரெங்கசாமி அண்ணன் எதிர்த்து நிற்பதாகச் சொன்னார். ஜெயித்தால் ஆறு மணிக்குத் திறப்பேன் என்றார். ஆண்களுக்கு அதில் அக்கறையில்லை, அவர்கள் என்ன குடமா தூக்குகிறார்கள்? ஆனால் தெருவில் அரைப்புள்ளிகள் பதினாலு பேர். பதினாலு பேரும் தன் தண்ணீரைத் தானே சுமப்பவர்கள். அவர்களுக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்துவிட்டால் ஆறு மணி வந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்: ஆறு மணிக்குத் திறக்க வைக்கிறேன், அன்றையிலிருந்து குடம் என் இடுப்பில். அம்மா தறியை நிறுத்தாமலே, சரி பாப்போம் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் போய் நின்றேன். கையில் நாற்பது பக்கக் குறிப்பு. பொம்பளைப் பிள்ளை கூட்டத்துக்கு வந்ததையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய மனிதர்களிடம், நகரசபையின் சரித்திரத்தை ஆதியோடந்தமாக எடுத்துவிட்டேன். வரி கட்டுபவருக்கு ஓட்டு என்பது வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்ட நியாயம், அப்படியிருக்க வரி கட்டும் எங்கள் பெண்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு, மேசையைக்கூட லேசாகத் தட்டினேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். நாகப்பன் சித்தப்பா மட்டும் கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மெதுவாகப் பேசினார்.

“வரிக்குத் தக்கன ஓட்டுன்னு சொல்ற. அப்படித்தானே தாயி?”

“ஆமா சித்தப்பா.”

“அப்ப அரை வரிக்கு அரை ஓட்டு. எழுதிக்கிருங்கப்பா.”

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. அதைவிடக் கொடுமை, எனக்கும் நியாயமாகப் பட்டது. எந்தச் சீர்திருத்தமும் ஒரே நாளில் வந்ததில்லை, படிப்படியாகத்தான் வந்தது என்று என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன். இது முதல் படி என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். தேர்தலை நடத்திவைக்கும் பொறுப்பையும் என் தலையிலேயே கட்டினார்கள், வேறு யாருக்கும் அந்த வேலையில் விருப்பமில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வெற்றிச் செய்தியைச் சொன்னேன். அம்மா தறியை நிறுத்தினாள்.

“அரை ஓட்டை எப்படிப் போடுவாக?”

அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று சொல்லாமல், இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்றேன். அம்மா என்னையே பார்த்தாள். முழுசா வாங்க முடிஞ்சா வாங்கு, இல்லாட்டி வேணாம்னு வந்துரு, அரையும் கொறையுமா எனக்கு எதுவும் வேணாம் என்றாள். உனக்கு அரசியல் புரியாது என்று சொல்லிவிட்டு நான் விதி எழுத உட்கார்ந்தேன்.

பதினொரு விதி எழுதினேன். கை தூக்குவது ஒழிந்தது, இனி ரகசிய ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அந்தக் காலத்தில் கலர் பெட்டி வைத்தது என் நினைவுக்கு வந்து, இரண்டு பெட்டி வைத்தேன். சித்தப்பாவுக்குப் பச்சை, ரெங்கசாமி அண்ணனுக்கு மஞ்சள். திரைக்குப் பின்னால் ஓட்டுப் போடுபவரைத் தவிர வேறு யாரும் போகக்கூடாது. காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பன்னிரண்டு அடித்ததும் முடியவேண்டும், வேண்டியவர்களுக்காக ஒரு நிமிஷமும் நீட்டக்கூடாது. ஓட்டு சமமாக வந்தால் பழைய தலைவரே தொடர்வார். அரைப்புள்ளிகள் தங்கள் இஷ்டத்துக்கு ஜோடி சேர்ந்தால் தில்லுமுல்லு நடக்கும் என்பதால், வரிநோட்டில் அடுத்தடுத்துப் பெயர் உள்ள இருவர் ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு சீட்டு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். இவ்வளவு பக்காவான விதிகளை வெள்ளைக்காரன்கூட எழுதவில்லை என்று தோன்றியது.

பிறகுதான் வரிநோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், கடைசி இரண்டு பெயர். சரோஜா, அது அம்மா. அதற்குக் கீழே கோவிந்தம்மா.

கோவிந்தம்மா பெரியம்மா எங்கள் பக்கத்து வீடு. ஒரே சுவர். அம்மாவும் அவளும் பேசிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மா மகள் கல்யாணத்தில் அம்மாவுக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள், அதுதான் காரணம். வேண்டுமென்று போட்டதில்லை, கூட்டம் என்றாள் பெரியம்மா. கூட்டத்தில் மற்றவர்களுக்கெல்லாம் கண் தெரிந்ததே என்றாள் அம்மா. அதோடு சரி. இடையில் என் அப்பா போனார், பெரியப்பாவும் போனார். இரண்டு துக்கத்துக்கும் இரண்டு பேரும் வந்து வாய்விட்டு அழுதார்கள், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள்.

விதியை மாற்றியிருக்கலாம். நோட்டு வரிசையை விட்டுவிட்டுச் சீட்டுக் குலுக்கலாம் என்று ரெங்கசாமி அண்ணனே சொன்னார். என் அம்மாவுக்காக விதியை மாற்றினேன் என்று பெயர் வருமே என்று நான் மறுத்துவிட்டேன். பிடித்தால் ஒரே பிடி, அப்பா வழி வந்த குணம்.

ஒரு வாரம் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தேன். அம்மாவிடம் தனியாகக் கேட்டேன், மஞ்சப் பெட்டிதான் என்றாள். சுவரைச் சுற்றிப் போய்ப் பெரியம்மாவிடம் தனியாகக் கேட்டேன். “நாலு மணிக்கு எந்திரிச்சு எந்திரிச்சு எனக்குக் கிறுகிறுப்பே வந்துருச்சுடி. மஞ்சப் பெட்டிதான், வேறென்ன” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு அரையும் ஒரே பெட்டியில் விழப்போகிறது, ஒரு வார்த்தைகூடப் பேசாமலே கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். கேட்கவேண்டிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் இரண்டு பேரிடமும் கேட்கவில்லை.

தேர்தல் நாள் வந்தது. மண்டபத்துத் தூண்களுக்கு நடுவில் கயிறு கட்டி, அம்மா நெய்த இரண்டு சேலைகளைத் திரையாகத் தொங்கவிட்டேன். ஓட்டுப் போட வந்த முதல் ஆள் பெட்டிக்குப் போகாமல் சேலை பார்டரைத் திருப்பிப் பார்த்து, எத்தனாம் நம்பர் நூல் என்று கேட்டார். அடுத்தவர், சாயப்பட்டறைக்காரர், பச்சைப் பெட்டியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, இது பச்சையே இல்லை பாசிக் கலர், இதை நம்பி எப்படி ஓட்டுப் போடுவது என்று பத்து நிமிஷம் வாதாடினார். பத்தரை மணிவரை இருபது பேர்கூட வரவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் மதியச் சாப்பாட்டுக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

பத்தே முக்காலுக்கு முதல் அரைப்புள்ளி ஜோடி வந்தது. திரைக்குப் பின்னால் போனார்கள். அரை நிமிஷத்தில் பர்ரென்று ஒரு சத்தம். வெளியே வந்து, முடிச்சாச்சு என்றார்கள். என்ன முடிந்தது என்று கேட்டால், சீட்டைச் சரிபாதியாகக் கிழித்து ஆளுக்கு ஒரு பெட்டியில் போட்டாயிற்றாம். ஒருத்தி பச்சை, ஒருத்தி மஞ்சள். “அரை ஓட்டுன்னுதானே சொன்னே” என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். சீட்டைக் கிழிக்கக்கூடாது என்று என் பதினொரு விதியில் எங்குமே இல்லை.

அவ்வளவுதான், செய்தி தெருவில் பற்றிக்கொண்டது. மண்டபத்தில் கூத்து நடக்கிறது, பொம்பளைகள் ஓட்டைக் கிழிக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் போன் போட்டார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இருபது வருஷமாகச் சங்கத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார்கள். பரளச்சிக்கு லோடு ஏற்றிப் போனவர் பாதி வழியில் வண்டியைத் திருப்பினார். குமாரலிங்கபுரத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தவர் பைக்கில் வந்து இறங்கினார். வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சும்மா நின்று பார்க்கக்கூடாது, ஓட்டுப் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்று நான் வாசலை மறித்துக்கொண்டேன். பதினொன்றேகாலுக்குள் அறுபத்துமூன்று முழுப்புள்ளியும் ஓட்டுப் போட்டு முடிந்தது. சங்கத்தின் சரித்திரத்திலேயே அப்படி நடந்ததில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, ஆனந்தத்தில் கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

மற்ற ஐந்து ஜோடிகளும் ஒழுங்காகப் போட்டு முடித்தார்கள். என் அம்மாவை முன்னால் விட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாதென்று அவளைக் கடைசியில் நிறுத்தியிருந்தேன். பதினொன்று இருபத்தைந்துக்கு அம்மாவும் கோவிந்தம்மா பெரியம்மாவும் திரைக்குப் பின்னால் போனார்கள். இருவர் மத்தியில் ஒரே ஒரு சீட்டு.

ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. மண்டபமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் தமிழில் வந்தது. தமிழ் என்றால் ஊருக்குத் தெரியவேண்டிய சண்டை.

“விஜயா, நோட்டுல யாரு பேரு மொதல்ல இருக்குன்னு அவுககிட்டச் சொல்லு. சீட்டை நாந்தான் போடுவேன்.”

அதுதான் நான் கேட்காமல் விட்ட கேள்வி. எந்தப் பெட்டி என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. பெட்டியில் சீட்டைப் போடும் கை யாருடையது என்பதுதான் சண்டை.

“வயசுல யாரு மூத்ததுன்னு உங்கம்மாகிட்டக் கேளு விஜயா” என்றது பெரியம்மாவின் குரல். இரண்டு பேரும் அரை அடி தூரத்தில் நின்றுகொண்டு, திரைக்கு வெளியே நின்ற என் வழியாகப் பேசினார்கள். உள்ளே போய்ச் சமாதானம் செய்ய எனக்கு அனுமதியில்லை, விதி நான்கு. வெளியில் நின்றபடி அம்மா சொன்னதைப் பெரியம்மாவுக்கும் பெரியம்மா சொன்னதை அம்மாவுக்கும் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலுக்கு உள்ளேயும் வெளியேயுமாக இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பந்தி வந்தது. யார் பரிமாறினார்கள், யார் பார்த்தும் பார்க்காமல் போனார்கள் எல்லாம் வந்தது. அன்று போட்ட பாயசத்தில் முந்திரி இருந்ததா இல்லையா என்பது வரைக்கும் வந்தது. சாம்பார் இறக்கி ஆறிக்கொண்டிருக்கிறது என்று சமையல்காரர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குரல்கள் தணிந்தன. பிறகு கோவிந்தம்மா பெரியம்மா பேசினாள், என்னிடம் இல்லை, என் வழியாகவும் இல்லை.

“சரோஜா, அன்னைக்கு நாந்தான் பாத்துருக்கணும். என் தப்புத்தான்.”

அம்மா பதில் சொன்னது கன்னடத்தில். என்ன சொன்னாள் என்று எங்கள் யாருக்கும் காதில் விழவில்லை. உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் மண்டபத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

இங்கே ஒரு சாதாரணப் புத்தி உள்ள பெண் என்ன செய்திருப்பாள்? கடிகாரத்தைப் பார்க்காதமாதிரி தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள். நான் போகவில்லை. வேண்டியவர்களுக்காக நேரத்தை நீட்டிய அந்தக் காலத்து அதிகாரிகளைத் திட்டி என் ஆய்வேட்டில் எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். அந்த எட்டுப் பக்கமும் என் கழுத்தைப் பிடித்துத் தள்ள, நேரே போய்ச் சரக்கென்று திரையை இழுத்தேன்.

அம்மாவும் பெரியம்மாவும் மஞ்சள் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சீட்டின் ஒரு முனை அம்மாவின் விரலில், மறு முனை பெரியம்மாவின் விரலில். இரண்டு பேரும் சேர்ந்து போடுவது என்று முடிவாகி, சீட்டு பெட்டியின் வாய்க்கு நாலு விரற்கடை மேலே இருந்தது. மண்டபம் மொத்தமும் அதைப் பார்த்தது.

“நேரம் முடிஞ்சிருச்சு” என்றேன்.

அவர்களுக்காக முதலில் பரிந்து பேசியது யார் தெரியுமா? நாகப்பன் சித்தப்பா. அது தனக்கு எதிரான ஓட்டு என்று கண்ணால் பார்த்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். “போடட்டும் தாயி. வயசானவுக. நானே சொல்றேன்ல” என்றார். ரெங்கசாமி அண்ணனும் சொன்னார். முன்வரிசைப் பெண்கள் சொன்னார்கள். சமையல்காரர்கூடச் சொன்னார். நான் விதித்தாளை எடுத்து ஏழாவது விதியைச் சத்தமாகப் படித்துவிட்டு, இரண்டு பெட்டியையும் பூட்டினேன். சீட்டை விடாமல் பிடித்தபடியே அம்மாவும் பெரியம்மாவும் படி இறங்கிப் போனார்கள்.

எண்ணினோம். பச்சைப் பெட்டியில் முப்பத்திநாலு சீட்டு, ஒரு அரைச் சீட்டு. மஞ்சள் பெட்டியில் முப்பத்திநாலு சீட்டு, ஒரு அரைச் சீட்டு. மூன்று தடவை எண்ணினேன். கிழிந்த சீட்டுச் செல்லாது என்று வைத்தாலும் சமம், செல்லும் என்று வைத்தாலும் சமம். சமமாக வந்தால் பழைய தலைவரே தொடர்வார். அதுவும் என் விதிதான், ஒன்பதாவது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். முதல் பந்தியில் நடுநாயகமாக அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்துப் பக்கத்து இலை. பசி காதை அடைக்க, நானும் ஓரமாக ஒரு இலையில் உட்காரப் போனேன். அம்மா தலையை நிமிர்த்தாமல், “அவளுக்கு ரெண்டாம் பந்தி” என்றாள்.

மறுநாள் காலை நாலு மணிக்கு யாரோ என் போர்வையை உருவினார்கள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் பெரியம்மா. இரண்டு பேர் இடுப்பிலும் காலிக் குடம்.

“எந்திரி. எங்க ஓட்டை நீதானே பூட்டுன. நீதான் தூக்கணும்.”

எழுந்து குடத்தை வாங்கிக்கொண்டேன். இரண்டு வீட்டுக்கும் தலைக்கு மூன்று குடம், ஆக ஆறு நடை. ஒருநாள் இரண்டுநாள் இல்லை, மூன்று வருஷம். மழை பெய்தாலும் (எங்கள் பக்கம் அது எப்போதாவதுதான், அந்த மூன்று வருஷம் பார்த்து நன்றாகப் பெய்தது) காய்ச்சல் அடித்தாலும் விடவில்லை. நான் தூக்கி வர, அவர்கள் இரண்டு பேரும் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, பதினொரு வருஷப் பேச்சைப் பேசித் தீர்த்தார்கள். குழாயடியில் சித்தப்பா என் குடத்தை மட்டும் முதலில் பிடிக்கச் சொல்வார். ஆராய்ச்சி எந்த மட்டில் இருக்கு தாயி என்று கரிசனமாக விசாரிப்பார். அந்தக் கரிசனம்தான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது. அம்மாவின் முட்டுவலி மட்டும் உண்மையாகவே குறைந்துவிட்டது. டாக்டர், நல்ல ஓய்வு எடுத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினாராம்.

ஆனாலும் நான் விடவில்லை. ஒவ்வொரு சங்கக் கூட்டத்துக்கும் போய், முழு ஓட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது வருஷம் என் நாற்பது பக்கக் குறிப்பு சாதிக்காததை ஆறிப்போன சாம்பார் சாதித்தது. அரைப்புள்ளி விவகாரத்தை எடுத்ததும் முன்னால் இருந்த பெரியவர்கள் பதறிப்போனார்கள். அந்தப் பொம்பளைகளை மறுபடி ஜோடி சேர்த்துவிட்டால் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு போய்ச் சேரமுடியாது, பேசாமல் ஆளுக்கு ஒரு முழு ஓட்டாகக் கொடுத்துத் தொலையுங்கள் என்றார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தது நாகப்பன் சித்தப்பா. (அரை வரி மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று பெரியம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.) முழுப்புள்ளிகளின் மனைவிமார், அப்ப எங்களுக்கு என்று கேட்டார்கள். அதற்கு இன்னொரு ஆறு வருஷமும் இன்னும் நாலு சண்டையும் ஆயிற்று.

அந்த மூன்றாவது வருஷத் தேர்தலில் அதிகாரியாக இருக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. அம்மா தன் பெயருக்கு வந்த முழுச் சீட்டோடு திரைவரை போனாள். போனவள் நின்று, பெரியம்மா வரட்டும் என்று காத்திருந்தாள். ஒவ்வொருவராகத்தான் போகவேண்டும் என்று புது அதிகாரி சொன்னதற்கு, எங்களுக்குப் பழகிருச்சு தம்பி என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். அரை நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். ரெங்கசாமி அண்ணன் ஜெயித்தார், தண்ணீர் ஆறு மணிக்கு வந்தது. அதற்கு அடுத்த மாதம் எனக்குக் கல்யாணமாகி, வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கும் வேறு தெருவுக்குப் போய்விட்டேன். ஆறு மணித் தண்ணீரை நான் முப்பது நாள்கூடத் தூக்கவில்லை.

பெட்டியில் விழாத அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது. ஆறு மாதம் அம்மாவின் டப்பாவில், ஆறு மாதம் பெரியம்மாவின் டப்பாவில். வீட்டுக்கு வரும் சம்பந்திகளுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டித்தான் கதையைத் தொடங்குவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே என் வீட்டுக்காரருக்கும் காட்டிவிட்டார்கள். அப்படியும் அவர் சம்மதித்தார், அது அவர் தலையெழுத்து.

போன வாரமும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் பெரியம்மாவும் அங்கேதான் இருந்தாள். அம்மா காப்பி கொண்டுவந்தாள். பெரியம்மாவுக்கு முழு டம்ளர், என் வீட்டுக்காரருக்கு முழு டம்ளர், எனக்கு வழக்கம்போல் அரை டம்ளர். டாக்டர் பட்டம் வாங்கி, பத்து வருஷத்துக்கு மேல் கல்லூரியில் தேர்தல் சரித்திரம் நடத்துகிறவளுக்கு இன்னும் அரைதானா என்று கேட்டேன்.

“நோட்டைப் பாத்து உனக்கு யாரு ஜோடின்னு தெரிஞ்சுக்கிட்டு, அவுகளையும் கூட்டிட்டு வா” என்றாள் அம்மா. “முழுசா தாரேன்.”